ஆயாவோட அப்பா எங்க போனார்? பிரிட்டிஷ் ராணுவத்துல இருந்த முன்னோர்களைத் தேடுவது எப்படி

(எபிசோடில் பேசியதை, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு பித்தளை நட்சத்திரத்துல இருந்து ஆரம்பிக்குது.

எங்க சொந்த ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். தறிக்காரங்க தெரு. இப்ப எங்க வீட்டுல தறி இல்ல. எங்க அப்பாவோட அது முடிஞ்சு போச்சு. ஆனா வீடு அதே வீடுதான். குழித்தறி இருந்த இடத்தை மூடி டைல்ஸ் போட்டிருக்கோம். அந்த ரூம்லதான் எங்க ஆயா இருக்காங்க. அப்பாவோட அம்மா. வயசு 83.

ஆயா ஒவ்வொரு போகிக்கும் பித்தளைச் சாமான் எல்லாத்தையும் புளி போட்டுத் தேய்ப்பாங்க. குடம், அண்டா, குத்துவிளக்கு. கடைசியா ஒரு சின்ன நட்சத்திரம். ஆறு முனை, நடுவுல ஒரு கிரீடம். எனக்குச் சின்ன வயசுல அது ஏதோ சாமி படத்துல இருந்து கழண்டு விழுந்ததுன்னு நினைப்பு. ரெண்டு வருஷம் முன்னாடிதான் அதைக் கையில எடுத்து, ஃபோன் டார்ச் அடிச்சுப் பாத்தேன். இங்கிலீஷ்ல "பர்மா ஸ்டார்"னு எழுதியிருந்தது.

"ஆயா, இது யாரோடது?"

"எங்கப்பாவோடது. மிலிட்டரில குடுத்தது."

எங்க வீட்டுல ஒருத்தர் ராணுவத்துல இருந்தார்ங்கறதே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

வீட்டுல சொல்லாத கதை

ஆயா சொன்னது இவ்வளவுதான். அவங்க பொறந்து மூணு மாசத்துல, 1942-ல, அவங்க அப்பா பட்டாளத்துல சேர்ந்தார். திரும்பி வரல. ஆயாவோட அம்மாவுக்கும் மாமியார் வீட்டுக்கும் ஒத்துப்போகல. கைக்குழந்தையைத் தூக்கிட்டு தாய் வீட்டுக்கு வந்துட்டாங்க. அதனால பட்டாளத்துல இருந்து வந்த தந்தி, காகிதம் எதுவும் இவங்க கைக்கு வரல. "செத்துட்டான்"னு வாய் வார்த்தையா ஒரு தகவல், அவ்வளவுதான். அந்த நட்சத்திரம்கூட ரொம்ப வருஷம் கழிச்சு, ஆயா கல்யாணத்துக்கு அவங்க சித்தப்பா கொண்டுவந்து குடுத்தது.

காகிதம் இல்லாத சாவுக்கு ஊரே ஒரு கதை கட்டிடும். "உங்கப்பன் எங்க செத்தான்? பர்மாவுல ஒருத்தியோட குடும்பம் நடத்துறான்"னு தெருவுல சொல்லுவாங்களாம். சண்டை வந்தா முதல்ல வர்ற வசனமே அதுதானாம். ஆயா இதைச் சொல்லும்போது சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா எண்பது வருஷமா ஞாபகம் வச்சிருக்காங்கன்னா அது சிரிப்பு இல்ல.

இன்னொண்ணும் சொன்னாங்க. "நாள் தெரியாது. அதனால திதி குடுத்ததில்ல. மகாளய அமாவாசைக்கு எல்லாரோடயும் சேத்து எள்ளும் தண்ணியும் விடுறதோட சரி. கொள்ளி வச்சாங்களோ, காட்டுல அப்படியே கிடந்தாரோ, யாருக்குத் தெரியும்?"

சரி, தேடிப் பாக்கலாம்னு நான் உக்காந்தது அன்னைக்கு ராத்திரி. முடிக்க ஏழெட்டு மாசம் ஆச்சு. நான் போன பாதையையும், போய் முட்டிக்கிட்ட சுவர்களையும் வரிசையா சொல்றேன். உங்க வீட்டுலயும் இப்படி ஒரு தாத்தா இருக்க வாய்ப்பு நிறைய இருக்கு. 1939-ல சுமார் 2 லட்சம் பேரா இருந்த இந்திய ராணுவம், 1945-ல 25 லட்சம் பேரா ஆச்சு. சட்டப்படி யாரையும் கட்டாயப்படுத்தி சேர்க்கல. ஆனா வயித்துப்பாடுன்னு ஒண்ணு இருக்கு இல்லையா? ஜப்பான் பட்டு, சீனப் பட்டு வர்றது நின்னுபோச்சு. மைசூர் பட்டு பாராசூட்டுக்குப் போச்சு. 1942 ஏப்ரல்ல ஜப்பான்காரன் குண்டு போடுவான்ங்கற பயத்துல சென்னையே பாதி காலியாச்சு. இதுல பட்டுப்புடவை யார் வாங்குவா? தறி ஓடலன்னா நெசவாளி வீட்டுல அடுப்பு எரியாது.

முதல்ல எந்த ராணுவம்னு பாருங்க

நான் செஞ்ச முதல் தப்பு இது. "பிரிட்டிஷ் ஆர்மி ரெக்கார்ட்ஸ்"னு தேடினேன். ஆயிரம் பக்கம் வந்தது. எல்லாம் லண்டன், க்யூவில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகம் பத்தி. ஆசை ஆசையா ரெண்டு வாரம் படிச்சேன். ஒண்ணும் உதவல.

ஏன்னா பிரிட்டிஷ் ராணுவம் வேற, பிரிட்டிஷ் இந்திய ராணுவம் வேற. பேச்சு வழக்குல நாம ரெண்டையும் "வெள்ளைக்காரன் பட்டாளம்"னு சொல்றோம். ஆனா ஆவணம் போற இடம் தனித்தனி.

இங்கிலாந்துல இருந்து வந்த சிப்பாய், அதாவது பிரிட்டிஷ் படைப்பிரிவுக்காரர், அவரோட காகிதம் க்யூவுல. பழைய ஓய்வூதியப் பதிவுகள்ல அவர் உயரம், கண்ணு நிறம், சேர்றதுக்கு முன்னாடி பாத்த வேலைகூட இருக்கும். அதுலயும் ஒரு பெரிய ஓட்டை உண்டு. முதல் உலகப்போர் சிப்பாய்களோட பணிப் பதிவுகளை வச்சிருந்த லண்டன் கிடங்குல 1940 செப்டம்பர்ல ஜெர்மன் குண்டு விழுந்து, பாதிக்கு மேல எரிஞ்சு போச்சு. மிச்சம் இருக்குறதை இன்னைக்கும் "எரிந்த ஆவணங்கள்"னுதான் அங்க கூப்பிடுறாங்க.

கிழக்கிந்திய கம்பெனியோட ஐரோப்பிய சிப்பாய்கள், இந்திய ராணுவத்துல இருந்த வெள்ளைக்கார ஆபீசர்கள், இவங்க காகிதம் லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில், இந்தியா ஆபீஸ் ஆவணங்கள்ங்கற பிரிவுல. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தோட சர்ச் பதிவுகளும் அங்கதான். உங்க குடும்பம் ஆங்கிலோ இந்தியக் குடும்பம்னா இது தங்கச் சுரங்கம். ஃபிபிஸ்னு ஒரு சங்கம் இருக்கு. பிரிட்டிஷ் இந்தியாவுல வாழ்ந்த குடும்பங்களைத் தேடுறவங்க 1998-ல ஆரம்பிச்சது. அவங்க இணையதளத்துல பேரைப் போட்டு இலவசமாத் தேடலாம்.

எங்க ஆயாவோட அப்பா மாதிரி ஒரு சாதாரண இந்தியச் சிப்பாய்? அவரோட பணிப் பதிவு லண்டனுக்குப் போகவே இல்ல. இங்கயே, அவரவர் ரெஜிமென்ட்லயே தங்கிடுச்சு. 1947-க்கு அப்புறம் அந்த ரெஜிமென்ட் எந்த நாட்டுக்குப் போச்சோ அங்க போச்சு.

இந்த வித்தியாசம் எவ்வளவு பழசுன்னு காட்ட நம்ம ஊர்லயே ஒரு இடம் இருக்கு. காஞ்சிபுரத்துல இருந்து கொஞ்ச தூரத்துல புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி அங்க ஹைதர் அலியும் திப்புவும் சேர்ந்து கர்னல் வில்லியம் பெய்லியோட கம்பெனிப் படையை நொறுக்கினாங்க. பெய்லிக்கு உதவ வேண்டிய ஹெக்டர் மன்றோ அப்ப காஞ்சிபுரத்துலதான் இருந்தார். தோல்விச் செய்தி கேட்டதும் பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்துல தள்ளிட்டு சென்னைக்குப் பின்வாங்கினார். பெய்லியோட இருந்த மூவாயிரத்துச் சொச்சம் பேர்ல பெரும்பாலானவங்க நம்ம ஊர்ச் சிப்பாய்ங்க. பெய்லி பேர் வரலாற்றுப் புத்தகத்துல இருக்கு. மறு வருஷம் அங்கயே நடந்த இன்னொரு சண்டையில செத்த வெள்ளைக்கார ஆபீசர்களுக்கு இன்னைக்கும் புள்ளலூர்ல நினைவுத்தூண் நிக்குது. சிப்பாய்ங்க பேர் எங்கயும் இல்ல.

நம்பர்தான் சாவி

சரி, ரெஜிமென்ட்லதான் பதிவு இருக்குன்னா, எந்த ரெஜிமென்ட்? அதுக்கு வீட்டுல இருக்குற பொருளைத்தான் கேக்கணும்.

முதல் உலகப்போர் பதக்கம்னா, வட்டப் பதக்கத்தோட விளிம்புல, காசுல வரி வரியா இருக்கும் பாருங்க, அந்த இடத்துல, நம்பர், பதவி, பேர், பிரிவு எல்லாம் குத்தியிருப்பாங்க. லென்ஸ் வச்சுப் பாக்கணும். ரெண்டாம் உலகப்போர் நட்சத்திரங்களை இங்கிலாந்து சிப்பாய்களுக்குப் பேர் இல்லாமதான் குடுத்தாங்க. ஆனா இந்தியச் சிப்பாய்களுக்குக் குடுத்ததுல பலதுல பின்பக்கம் நம்பரும் பேரும் இருக்கும்.

எங்க நட்சத்திரத்தைத் திருப்பினேன். இருந்தது. இல்ல, இருந்திருக்கு.

அறுபது போகி. அறுபது தடவை புளி, சாம்பல், தேங்காய் நார். ஆயா கையால தேஞ்சு தேஞ்சு எழுத்து மொழுமொழுன்னு ஆயிடுச்சு. நம்பர்ல முதல் நாலு இலக்கம் தெரியுது. மிச்சம் தடவினாதான் லேசா தட்டுப்படுது. பேர்ல முதல் மூணு எழுத்து. அதுக்கப்புறம் "எஸ்" "எம்"ங்கற மாதிரி ரெண்டு எழுத்து. சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்! மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி எடுக்குறது இவங்க வேலை. இன்னைக்கு அதோட பேர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், தலைமையிடம் பெங்களூரு. அந்தப் படைக்காரங்களை இப்பவும் "தம்பி"ன்னுதான் ராணுவத்துல கூப்பிடுவாங்க.

அதனால என்னோட முதல் வேண்டுகோள்: உங்க வீட்டுல பதக்கம் இருந்தா தேய்க்காதீங்க. கறுத்துப் போயிருந்தா இருக்கட்டும். சாய்வா வெளிச்சம் அடிச்சு, நாலு கோணத்துல ஃபோட்டோ எடுங்க. பழைய ஃபோட்டோ இருந்தா தோள்பட்டை, தொப்பி, இடுப்பு பெல்ட் மூணையும் பெருசாக்கிப் பாருங்க; பிரிவோட சின்னம் அங்கதான் இருக்கும். மணியார்டர் துண்டு, பென்ஷன் புத்தகம், டிரங்கு பெட்டி மூடியில பெயின்ட்ல எழுதின நம்பர், எதையும் குப்பைன்னு நினைக்காதீங்க.

இன்னொரு எச்சரிக்கை. அந்தக் காலத்துல நம்பர் பிரிவுக்குப் பிரிவு தனி. ஒரே நம்பர் ரெண்டு பிரிவுல ரெண்டு பேருக்கு இருக்கலாம். நம்பரோட பிரிவும் சேர்ந்தாதான் ஆள்.

இறந்தவங்க பட்டியல்

போர்ல இறந்தவங்கன்னா தேட ஒரே ஒரு நல்ல இடம் இருக்கு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். சென்னை நந்தம்பாக்கத்துல ரோட்டோரமா பச்சைப் புல்தரையும் வெள்ளைக் கல்லுமா ஒரு இடம் பாத்திருப்பீங்களே, மெட்ராஸ் வார் செமட்ரி, அதைப் பராமரிக்கிறவங்க. அவங்க இணையதளத்துல முதல் உலகப்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரைக்கும், ரெண்டாவதுக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரைக்கும் பணியில இறந்தவங்களைத் தேடலாம். காசு கிடையாது. சண்டையில செத்தா மட்டும்தான்னு இல்ல, காய்ச்சல்ல செத்தாலும் கணக்குல வரும்.

ஆனா நம்ம பேரைத் தேடுறது தனிக் கலை. மூணு விஷயம் சொல்றேன்.

ஒண்ணு, ஊர். அன்னைக்கு இங்கிலீஷ்ல காஞ்சிபுரம் கிடையாது. காஞ்சீவரம், அதுலயே ரெண்டு மூணு ஸ்பெல்லிங். அது தனி மாவட்டமும் இல்ல, செங்கல்பட்டு மாவட்டம். அதையும் "சிங்கிள்புட்"னுதான் எழுதுவாங்க. நான் காஞ்சிபுரம்னு இன்னைக்கு எழுதுற மாதிரி போட்டப்ப பூஜ்யம். சிங்கிள்புட்னு போட்டதும் வரிசையா வந்தது.

ரெண்டு, பேர். நமக்கு இனிஷியல், அவங்களுக்கு குடும்பப் பேர். ஒத்தைப் பேரை அவங்க குடும்பப் பேர்க் கட்டத்துல போட்டிருப்பாங்க. அதனால முதல் பேர்க் கட்டத்தைக் காலியா விட்டுத் தேடுங்க. "சாமி" மூணு விதமா எழுதியிருக்கும். கடைசி எழுத்தை விட்டுட்டுத் தேடுங்க.

மூணு, ஒரே பேர்ல பல பேர் இருப்பாங்க. எங்க கொள்ளுத் தாத்தா பேர் ரொம்ப சாதாரணமான பேர்; எங்க தெருவுலயே நாலு பேருக்கு இருக்கு. மெட்ராஸ் சாப்பர்ஸ்ல அந்தப் பேர்ல இறந்தவங்கன்னு நான் மூணு பேரைப் பிடிச்சேன். இந்த இடத்துலதான் அவசரப்படாம இருக்கணும். மனசு என்ன பண்ணும்னா, முதல்ல வந்த ஆளையே "இவர்தான்"னு முடிவு பண்ணிடும். வீட்டுல சொல்லிட்டா அப்புறம் திரும்ப வாங்க முடியாது. ஒரு ஆயாகிட்ட தப்பான அப்பாவைக் கொண்டுபோய் குடுக்கக் கூடாது.

மூணு பேரையும் காகிதத்துல எழுதினேன். ஒருத்தரோட நம்பர் முதல் இலக்கத்துலயே ஒத்துப்போகல. இன்னொருத்தர் இறந்தது 1941. ஆயா பொறக்குறதுக்கே முன்னாடி. மூணாவது ஆளுக்கு நம்பர்ல முதல் நாலு இலக்கமும் சரி. நட்சத்திரத்துல விரலால தடவி யூகிச்ச மிச்ச இலக்கமும் பொருந்துது. கீழ "கூடுதல் தகவல்"னு ஒரு வரி இருந்தது. அதுல இன்னாரோட மகன், அது சரி. ஊர் பிள்ளையார்பாளையம், சிங்கிள்புட். அப்புறம், இன்னாரோட கணவர்.

அந்தப் பேர் எங்க ஆயாவோட அம்மா பேர். ஸ்பெல்லிங் கன்னாபின்னான்னு இருந்தது. வாய்விட்டுப் படிச்சாதான் புரியும். ஆனா அவங்கதான்.

நேரம் ராத்திரி ஒண்ணரை. நான் வேளச்சேரி ரூம்ல. ஃபோன் பண்ணி எழுப்பலாமான்னு தோணுச்சு. பண்ணல. காலையில முதல் பஸ் பிடிச்சுப் போனேன்.

ஆயா கேட்ட ரெண்டு கேள்வி

இறந்த தேதி 1944 ஜூன் 17. இடம் இம்பால், மணிப்பூர்.

அந்த வருஷம் மார்ச்சுல ஜப்பான் படை பர்மா பக்கமிருந்து உள்ள வந்து இம்பாலைச் சுத்தி வளைச்சது. கோஹிமா வழி ரோடு மறுபடி திறந்தது ஜூன் 22. அவர் போனது அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி. குண்டா, மலேரியாவா, சீதபேதியா? அந்தப் பதிவுல காரணம் போடல. அவங்க பதிவுகள்ல அது பொதுவா இருக்காது.

ஆயாகிட்ட சொன்னேன். அவங்க அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. ரெண்டே கேள்வி கேட்டாங்க.

"கொள்ளி வச்சாங்களா?"

அதுக்கு என்கிட்ட பதில் இருந்தது. அவர் பேர் இருக்குற இடம் இம்பால் தகன நினைவிடம். தங்கள் மத வழக்கப்படி எரியூட்டப்பட்ட வீரர்களுக்காகவே வச்ச நினைவிடம் அது. உடம்பு கிடைக்காதவங்களுக்கு வேற இடம் உண்டு. பர்மாவுல டவுக்கியான்ல இருக்குற ரங்கூன் நினைவிடத்துல மட்டும் சுமார் 27,000 பேர். இவர் பேர் அதுல இல்ல. அப்படின்னா இவரை எரிச்சிருக்காங்க. காட்டுல கிடக்கல.

ரெண்டாவது கேள்வி: "எங்கம்மா பேரு போட்டிருக்கா? எங்க, காட்டு."

ஆயாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான் விரல் வச்சுக் காட்டினேன். ஃபோன் ஸ்க்ரீனைத் தொட்டதும் பக்கம் மேல ஓடிடுச்சு. மறுபடி கீழ கொண்டுவந்தேன். மறுபடி தொட்டாங்க.

அந்த வரி யார் சொல்லி எழுதினதுன்னு தெரியாது. ஆனா ராணுவத்தோட காகிதத்துல அவர் கல்யாணம் ஆனவர், பொண்டாட்டி பேர் இது. "பர்மாக்காரி"க்கு அங்க இடம் இல்ல.

திரும்பி வந்தவங்களைத் தேடணும்னா?

உங்க தாத்தா போருக்குப் போயிட்டு உயிரோட திரும்பி வந்தவர்னா, சந்தோஷம். ஆனா தேடுறது கஷ்டம். இறந்தவங்களுக்கு இருக்குற மாதிரி ஒரே பட்டியல் கிடையாது. இந்த வரிசையில போங்க.

முதல்ல ரெஜிமென்டோட ஆவண அலுவலகம். மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி மாவட்டம் வெலிங்டன். சாப்பர்ஸ்னா பெங்களூரு. நம்பர், பேர், அப்பா பேர், ஊர், சேர்ந்த வருஷம், உங்களுக்கு என்ன உறவு, எல்லாத்தையும் போட்டு பதிவுத் தபால்ல கடிதம். பதக்கத்தோட ஃபோட்டோவும் இணைச்சுடுங்க. நம்பர் இல்லாத கடிதத்தை வச்சு அவங்களால பெருசா ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். ரெண்டாம் உலகப்போர் வீரர்களுக்கும் அவங்க விதவைகளுக்கும் தமிழ்நாடு அரசு மாத உதவித்தொகை குடுத்துட்டு வருது. உங்க வீட்டுல யாராவது அதை வாங்கியிருந்தா, விண்ணப்பத்துல நம்பரும் பிரிவும் கண்டிப்பா எழுதியிருப்பாங்க.

மூணாவது, ஆவணக் காப்பகங்கள். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மாகாண அரசோட உத்தரவுகள் அங்க இருக்கு. டெல்லியில இந்திய தேசிய ஆவணக் காப்பகம். அவங்களோட அபிலேக் படல் இணையதளத்துல வீட்டுல இருந்தே தேடலாம். வீரப் பதக்கம் வாங்கினவர்னா லண்டன் கெஜட்டோட பழைய இதழ்கள் இணையத்துல இலவசம்.

முதல் உலகப்போர்னா இன்னும் பொறுமை வேணும். அந்தப் போர்ல 13 லட்சத்துக்கு மேல இந்தியர்கள் பணியாற்றினாங்க. பஞ்சாப்காரங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: கிராமம் கிராமமா எழுதின பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்துல இருந்தது. அதுல சுமார் 3,20,000 பேரோட விவரத்தை 2021-ல கணினியில ஏத்தி வெளியிட்டாங்க. நம்ம செங்கல்பட்டு ஜில்லாவுக்கு அப்படி ஒண்ணு வரல.

2021-ல இன்னொண்ணும் நடந்தது. போர்க் கல்லறை ஆணையமே ஒரு குழு போட்டு விசாரிச்சு, முதல் உலகப்போர்ல செத்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்கள்ல 45,000 முதல் 54,000 பேர் வரைக்கும் மத்தவங்களுக்குச் சமமா நினைவுகூரப்படலன்னும், குறைஞ்சது 1,16,000 பேரோட பேர் எங்கயுமே பொறிக்கப்படலன்னும் ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டாங்க. இராக்ல பஸ்ரா நினைவிடத்துல வெள்ளைக்காரச் சிப்பாய்க்கும் பேர் இருக்கு; சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு வெறும் எண்ணிக்கை. அதனால கல்லுல உங்க தாத்தா பேர் இல்லன்னா, அவர் போருக்கே போகலன்னு அர்த்தம் இல்ல.

பெருமையா, வெக்கமா?

இதை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஃப்ரெண்ட் கேட்டான்: "நம்மை அடிமையா வச்சிருந்தவனுக்காகத்தானே மச்சி சண்டை போட்டார்? இதுல என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. நானும் யோசிச்சேன். அதே இம்பால் சண்டையில எதிர்ப்பக்கம் நேதாஜியோட இந்திய தேசிய ராணுவம் இருந்தது. 1944 ஏப்ரல் 14-ஆம் தேதி, இம்பாலுக்குத் தெற்க மொய்ராங்ல அவங்க கொடி ஏத்தினாங்க. அந்தப் படையில மலேயா ரப்பர் தோட்டங்கள்ல இருந்து வந்த தமிழங்க நிறைய பேர். அப்ப அந்த மலையில, ரெண்டு பக்கமும் "அம்மா"ன்னு கத்துற ஆளுங்க இருந்திருக்காங்க. ஒருத்தன் ரப்பர் தோட்டத்துல இருந்து, ஒருத்தன் தறிக்குழியில இருந்து.

எங்க கொள்ளுத் தாத்தா ஏன் போனார்னு எனக்கு எந்தக் காகிதமும் சொல்லல. ஆயா சொல்ற காரணம் ஒரே வரி: "பாவு இல்ல." முதலாளி பாவு குடுக்கல, தறி சும்மா நின்னது, வீட்டுல மூணு மாசக் குழந்தை. அதுக்கு மேல அவரைப் பெரிய வீரர்னு நான் சொல்லல, துரோகின்னும் சொல்லல. அவர் ஓடிப்போகல. அது மட்டும் எனக்கு இப்ப உறுதியாத் தெரியும்.

எங்க சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர் இன்னொண்ணு சொன்னார். சோழர் காலத்துக் கல்வெட்டுல "கைக்கோளப் படை"ன்னு வருது, நெசவாளிங்க அப்பவே பட்டாளத்துல இருந்தவங்கதான்னு. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுகள்ல அந்தப் படைப் பேர்கள் வருது, உண்மைதான். அந்தப் பேரும் நெசவாளர்களும் ஒண்ணுதானாங்கறதுல ஆய்வாளர்களுக்குள்ள விவாதம் உண்டு. நான் அவர்கிட்ட வாதாடல. அவருக்கு அன்னைக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனி மாசம்

தேதி கிடைச்சதும் ஆயா முதல்ல பண்ணச் சொன்னது, ஐயரைப் பாக்கச் சொன்னதுதான். அவர் 1944 பஞ்சாங்கக் கணக்கைப் பாத்து, ஆனி மாசம், தேய்பிறைன்னு திதியைக் குறிச்சுக் குடுத்தார்.

இம்பாலுக்கே கூட்டிட்டுப் போகணும்னு ஆசை இருந்தது. 2023 மே மாசம் தொடங்கின கலவரத்துக்கு அப்புறம் அங்க நிலைமை சரியில்ல. 83 வயசு ஆளைக் கூட்டிட்டுப் போக முடியாது. அதனால நம்ம ஊர் சர்வதீர்த்தக் குளத்துக்கரையிலயே குடுத்தோம். எங்க அப்பாதான் உக்காந்தார், பேரன் முறையில. ஆயா படிக்கட்டுல ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. வீட்டுக்கு வந்து காக்காவுக்கு சோறு வச்சதும், "எண்பது வருஷம் கழிச்சு சாப்பிடுறாரு, உப்பு பாத்துப் போட்டியா?"ன்னு எங்க அம்மாவைக் கேட்டாங்க.

இந்தப் பொங்கலுக்கு குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் பளபளன்னு ஆச்சு. நட்சத்திரத்தை மட்டும் ஆயா தேய்க்கல. ஒரு பழைய பட்டுத் துணியில சுத்தி என்கிட்ட குடுத்துட்டாங்க. பெங்களூருக்கு எழுதப்போற கடிதத்துக்கு அதோட ஃபோட்டோ வேணும்னு சொல்லியிருந்தேன், அதனால.

நீங்க இந்த வாரம் ஊருக்குப் போனா ஒண்ணு பண்ணுங்க. வீட்டுல வயசானவங்க பக்கத்துல உக்காந்து, "நம்ம வீட்டுல யாராவது மிலிட்டரில இருந்தாங்களா?"ன்னு ஒரு கேள்வி. ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணிட்டு, நடுவுல குறுக்க பேசாம கேளுங்க. பேர், அப்பா பேர், பொண்டாட்டி பேர், தெரு. இந்த நாலும் போதும் ஆரம்பிக்க. காகிதம் இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். அதைப் பாத்து "ஆமா, இவர்தான்"னு சொல்ற ஆள் காத்திருக்க மாட்டாங்க.

ஏதாவது கிடைச்சா எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.